சட்டைப்பைச் சில்லறையில் அரிய நாணயங்கள்: சிங்கப்பூரில் எதைத் தேடலாம், எதை நம்பலாம்

இன்ன ஆண்டு பொறிக்கப்பட்ட ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயம் ஆயிரக்கணக்கில் விலைபோகிறது, இன்ன படமுள்ள பத்துக் காசை எடுத்து வையுங்கள் என்பது போன்ற செய்திகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வந்து போகின்றன. அவற்றைப் படித்துவிட்டு வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் பலர். அன்றாடச் சில்லறையில் மதிப்புமிக்க நாணயம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, கிடைக்கும் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அது மிக அரிதாகவே கிடைக்கும். அப்படிக் கிடைப்பதற்கான காரணமும் அந்தச் செய்திகள் சொல்லும் காரணமாக இருப்பதில்லை. ஒரு நாணயம் எப்படி உருவானது, எத்தனை வெளிவந்தன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை விரும்பித் தேடுபவர்கள் எத்தனை பேர் என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் விலையைப் பற்றிப் பேச முடியாது.

பழையது என்றால் விலை கூடும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். ஜப்பானிய ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை இங்கே புழங்கிய ‘வாழைமர நோட்டு’ எண்பது ஆண்டுப் பழமையானது. நம் நாட்டு வரலாற்றின் மிகக் கொடிய காலத்தின் சாட்சியும்கூட. ஆனாலும் கணக்கின்றி அச்சடிக்கப்பட்டதாலும், போர் முடிந்து செல்லாமல் போனபின் குடும்பங்கள் அதைக் கட்டுக்கட்டாகப் பெட்டிக்குள் போட்டு வைத்ததாலும், சாதாரண வகை நோட்டுகள் இன்றும் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. மாறாக, சென்ற ஆண்டு வெளிவந்த ஒரு நாணயம் அச்சுக்கூடத்தின் கண்ணுக்குத் தப்பி வந்த பிழையோடு இருந்தால், அதற்கு இன்றே நல்ல விலை கிடைக்கக்கூடும்.

உலோகத்தைப் பற்றிய நம்பிக்கையும் அப்படித்தான். அமெரிக்காவில் சில்லறையைக் கிளறித் தேடும் பழக்கம் பரவியதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. 1964 வரை அச்சான அவர்களுடைய பத்து சென்ட், கால் டாலர் நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி உலோகம் இருந்தது. 1965 முதல் அது நீக்கப்பட்டது. ஆகவே அங்கே ஆண்டைப் பார்த்தாலே போதும், உலோகத்தின் விலையாவது கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1966இல் வந்த வட்ட வடிவ 50 சென்ட் நாணயத்திலும் 80 விழுக்காடு வெள்ளி இருந்தது. சிங்கப்பூருக்கு இந்த வழி பொருந்தாது. 1967 முதல் புழக்கத்துக்கென நம் நாடு வெளியிட்ட சில்லறை நாணயங்கள் வெண்கலம், செப்பு நிக்கல் கலவை, அலுமினிய வெண்கலம், முலாம் பூசிய எஃகு போன்றவற்றால் ஆனவை. எவ்வளவு பழைய பத்துக் காசாக இருந்தாலும் அதை உருக்கி எவரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

வெள்ளி உலோகம் உள்ளவை அதற்கு முந்திய காலத்தவை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த மலாயா பத்துக் காசு, இருபது காசு நாணயங்களில் 1945 வரை வெள்ளி கலந்திருந்தது. 1948இல் செப்பு நிக்கலுக்கு மாறினார்கள். அதற்கும் முன்னர், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1903இல் வெளிவந்த பெரிய ஒரு வெள்ளி நாணயம் ஏறத்தாழ 27 கிராம் எடை கொண்டது. தாத்தா பாட்டி காலத்துப் பெட்டிகளில் கிடக்கும் சதுரமான ஒரு காசு வெண்கல நாணயங்களும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஆனால் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணயங்கள் 1969 ஜனவரி 16ஆம் தேதியோடு செல்லாமல் போயின. அதனால் அவை இன்று காப்பிக்கடைச் சில்லறையில் வருவதற்கு வழியில்லை. அலமாரியின் அடித்தட்டிலும் பழைய ஓவல்டின் டப்பாவிலும்தான் அவற்றைத் தேட வேண்டும். 2017 ஜூலையில் மூடப்படும் வரை சுங்கை ரோடு சந்தையில் இவை குவியலாக விற்கப்பட்டன என்பது பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே இன்றைய சில்லறை என்பது 1967க்குப் பிந்திய மூன்று வரிசைகளைச் சேர்ந்தது. இவற்றைத் தெரிந்துகொள்வதுதான் தேடலின் முதல் படி. முதல் வரிசை 1967 நவம்பரில் வந்தது. ஒரு காசில் அடுக்குமாடி வீடும் நீரூற்றும், ஐந்து காசில் நீர்ப்பறவை, பத்துக் காசில் கடல்குதிரை, இருபது காசில் வாள்மீன், ஐம்பது காசில் சிங்கமீன், ஒரு வெள்ளியில் சிங்கம் என்று கடல் சார்ந்த ஓர் அழகான தொகுப்பு அது. முதலில் இவற்றை லண்டன் அரச நாணயச்சாலை அச்சடித்தது; 1968இல் ஜூரோங்கில் நமக்கென்று ஒரு நாணயச்சாலை உருவானது. 1971இல் உலக உணவு வேளாண் அமைப்புக்காக, அலுமினியத்தில் மீன் பொறித்த ஐந்து காசு ஒன்றும் வந்தது. கையில் எடுத்தால் காகிதம் போல எடையே தெரியாது என்பதால் அதைப் போலி என்று நினைத்து ஒதுக்கியவர்கள் உண்டு, அது போலியன்று.

இரண்டாம் வரிசை 1985இல் தொடங்கியது. இதில் எல்லாமே செடிகளும் மலர்களும்தான். ஒரு காசில் நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், பத்துக் காசில் நட்சத்திர மல்லிகை, ஐம்பது காசில் மஞ்சள் அலமண்டா, 1987இல் வந்த ஒரு வெள்ளியில் நித்தியகல்யாணி. தமிழ் வாசகர்களுக்கு இந்த வரிசையில் தனியான ஓர் அக்கறை இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முதல் வரிசை நாணயங்களில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. இரண்டாம் வரிசையில்தான் தேசியச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளிலும் பெயர் பொறிக்கப்பட்டு, ‘சிங்கப்பூர்’ என்ற தமிழெழுத்து நம் சில்லறைக்குள் வந்து சேர்ந்தது. நாணயத்தின் அச்சு எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்பதைப் பார்க்க அந்தச் சின்னஞ்சிறு எழுத்துகள் நல்ல அளவுகோல். பத்துக் காசில் ‘ங்’கின் வளைவும் அதன் மேல் புள்ளியும் தெளிவாகத் தெரிந்தால் அந்த நாணயம் அதிகம் தேயவில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாம் வரிசை 2013 ஜூன் 25ஆம் தேதி புழக்கத்துக்கு வந்தது. எஸ்பிளனேட், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், சாங்கி விமான நிலையம், துறைமுகம், மெர்லயன் ஆகியவை அதன் படங்கள். இவை பல அடுக்கு முலாம் பூசிய எஃகால் ஆனவை. ஒரு வெள்ளி மட்டும் வெளி வளையம் ஒரு நிறமும் நடுவட்டம் வேறொரு நிறமுமாக இருக்கும். ஒரு காசு நாணயம் வெளியிடுவது 2002இலேயே நின்றுவிட்டாலும் அது இன்றும் செல்லும். முதல், இரண்டாம் வரிசைகளும் செல்லும். செல்லும் என்பதால்தான் அவை எப்போதாவது கைக்கு வருகின்றன. முதல் வரிசையிலுள்ள கடல்குதிரை இன்று சில்லறையில் வருவது மிக அபூர்வம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு நாணயம் சில்லறையில் அபூர்வமாக வருகிறது என்பதால் அது சந்தையிலும் அபூர்வமாக இருக்கிறது என்று பொருளில்லை. பத்துக் காசு போன்ற சிறு நாணயங்கள் சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. அவை புழக்கத்திலிருந்து விலகி, சேகரிப்பாளர்களின் பைகளிலும் கடைக்காரர்களின் தட்டுகளிலும் நிறைந்திருக்கின்றன. தேய்ந்த கடல்குதிரை ஒன்றைக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் அதை எடை போட்டு வாங்கும் சாமானைப் போலத்தான் பார்ப்பார். முதல் வரிசை ஒரு வெள்ளி நாணயத்தின் கதை கொஞ்சம் வேறு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளி நோட்டு புழக்கத்தில் இருந்ததால் நாணயம் குறைவாகவே தேவைப்பட்டது, குறைவாகவே அச்சாகியது. அதனால் நல்ல நிலையில் உள்ள முதல் வரிசை ஒரு வெள்ளிக்குச் சிறு காசுகளைவிட நிலையான மதிப்பு இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் ஒரு வெள்ளி நாணயத்தைச் சுற்றி நெடுங்காலமாக உலவும் ஒரு கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அந்த நாணயத்தின் உட்பகுதியில் எண்கோணச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. சுரங்கம் தோண்டியதால் நாட்டின் நல்லூழ் குலையாமலிருக்க, சீன மரபின் எண்கோணச் சின்னத்தை ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்கும்படி அரசாங்கம் செய்தது என்பது அந்தக் கதை. இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சுவையான கதைதான், ஆனால் அது நாணயத்தின் விலையை ஒரு காசுகூட உயர்த்துவதில்லை. பெருந்தொகையில் வெளிவந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் கை மாறிய நாணயம் அது. அதை நூறு வெள்ளிக்கு விற்பதாக இணையத்தில் யாராவது போட்டிருந்தால், அது அவருடைய விருப்பம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வரிசையில் கண்ணால் பார்த்துப் பிரிக்கக்கூடிய உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு. தேசியச் சின்னத்தின் அடியில் ‘மாஜுலா சிங்கப்பூரா’ என்று எழுதிய நாடா இருக்கிறது. 1991 வரையிலான நாணயங்களில் அந்த நாடா நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும்; 1992 முதல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இதை முதன்முறை கவனிப்பவர்கள் பிழை நாணயம் கிடைத்துவிட்டதாக மகிழ்வது இயல்பு. ஆனால் இது வடிவமைப்பில் வேண்டுமென்றே செய்த மாற்றம். இரண்டு வகையும் ஏராளமாக இருக்கின்றன. சேகரிப்பாளர் ஒருவர் இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புவார், அவ்வளவே. நாணயத்தில் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்றவுடன், அது திட்டமிட்ட மாற்றமா, தவறா என்று கேட்பதற்கு இந்த நாடா நல்ல பயிற்சி.

அண்டை நாட்டு நாணயங்களும் நம் சில்லறையில் கலந்து வரும். புருணை நாணயம் 1967 ஜூன் 12 முதல் இன்றுவரை நம் வெள்ளிக்குச் சரிசமமாக இங்கே ஏற்கப்படுகிறது. ஆகவே சுல்தானின் உருவம் பொறித்த இருபது காசு கிடைத்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மலேசியாவும் 1973 மே வரை இதே ஏற்பாட்டில் இருந்தது. மூன்று நாடுகளின் முதல் வரிசைச் சில்லறைகளும் ஒரே அளவில் இருந்ததால் மலேசிய பத்து சென் இங்கே கலந்துவிடுவது அந்நாளில் சாதாரணம். இவையெல்லாம் சேகரிப்புக்கு மகிழ்ச்சி தரும், பெரிய விலை தருவதில்லை.

அப்படியானால் பெரிய விலை எதற்கு? பெரும்பாலும் அச்சுக்கூடத்தின் தவறுகளுக்குத்தான். அந்தத் தவறுகளை அடையாளம் காண, நாணயம் பிறக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து முதலில் வட்டமான வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றின் ஓரத்தை அழுத்திச் சற்று உயர்த்துவார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையும் ஒரு வளையத்துக்குள் அமர்ந்து, மேலும் கீழும் உள்ள இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே பல டன் விசையோடு நசுக்கப்படும். கொழுக்கட்டை அச்சில் மாவு மூலைமுடுக்கெல்லாம் பரவுவது போல உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஓடி நிறைகிறது. விளிம்பு வளையத்தோடு ஒட்டிக்கொண்டு வட்டமாகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. இந்த ஒவ்வொரு படியிலும் ஒரு வகைப் பிழைக்கு இடமிருக்கிறது.

தகட்டை வெட்டும்போது முன்பு வெட்டிய ஓட்டையின் மீது கத்தி மறுபடி விழுந்தால், கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு பக்கம் குறைந்த வில்லை உருவாகும். வில்லை வளையத்துக்குள் சரியாக அமராமல் இருந்தால் படம் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்து, மறுபக்கம் வெறுமையாக நிற்கும். இந்த வகையில் படம் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறதோ, ஆண்டு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, அவ்வளவு மதிப்பு. முன்பு அச்சான நாணயம் ஒன்று வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே படம் இடவலமாகத் திரும்பி, உள்வாங்கிப் பதியும். அச்சில் விரிசல் விட்டால் நாணயத்தில் மெல்லிய மேடான கோடு தெரியும்; இது அடிக்கடி நேர்வது, பெரிய மதிப்பில்லை. ஒரு நாணயத்துக்கான வில்லை வேறொரு நாணயத்தின் இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டால், அதுதான் உண்மையிலேயே கண் விரியவைக்கும் கண்டுபிடிப்பு.

இவற்றில் சிலவற்றை வீட்டிலேயே சோதிக்கலாம். நம் நாணயங்களில் இரு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும். நாணயத்தின் மேலும் கீழும் விரலால் பிடித்து, பக்கவாட்டில் திருப்பினால் பின்புறப் படம் நேராகத் தெரிய வேண்டும். அது கணிசமாகச் சாய்ந்திருந்தாலோ தலைகீழாக இருந்தாலோ அச்சு சுழன்றிருக்கிறது என்று பொருள். மூன்றாம் வரிசையின் ஐந்து முதல் ஐம்பது காசு வரையிலானவை எஃகு ஆதலால் காந்தத்தில் ஒட்டும். இரண்டாம் வரிசையின் பத்து, இருபது, ஐம்பது காசுகள் ஒட்டா. மூன்றாம் வரிசைக்கான படம் இருந்தும் காந்தம் இழுக்காத நாணயம் ஒன்று வந்தால், அதைத் தனியே எடுத்து வைக்கத் தகுந்த காரணம் இருக்கிறது. அடுத்தது எடை. இரண்டாம் வரிசை ஒரு வெள்ளி 22.40 மில்லிமீட்டர் குறுக்களவும் 6.3 கிராம் எடையும் கொண்டது. மூன்றாம் வரிசை ஒரு வெள்ளி 24.65 மில்லிமீட்டர், 7.62 கிராம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு சில வெள்ளிக்கே கிடைக்கிறது. பூதக்கண்ணாடியைவிட அது அதிகம் உதவும் என்பது என் கருத்து.

சில்லறையிலிருந்து உண்மையாகவே புதையல் கிடைத்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில கலத்தில் தங்கிவிட்டு, அவற்றிலும் 1943இன் அச்சு விழுந்தது. 1947இல் பள்ளி மாணவன் ஒருவன் பள்ளி உணவகத்தில் கிடைத்த மீதிச் சில்லறையில் அப்படி ஒன்றைக் கண்டெடுத்து வாழ்நாள் முழுதும் பாதுகாத்தான். 2019இல் அது 204,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. 1955இல் அச்சே இரட்டையாகப் பதிந்து உருவாக்கப்பட்டதால், ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும் ஒரு சென்ட் நாணயங்கள் இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போய்விட்டன. அக்காலத்தில் தானியங்கி இயந்திரங்களில் விற்ற சிகரெட் பெட்டிகளில் மீதிச் சில்லறையை உறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அந்த நாணயங்கள் பல அப்படித்தான் மக்களின் கைக்கு வந்தன.

பிரிட்டனின் நிகழ்வு இன்னும் அண்மையானது, நமக்கு இன்னும் பயனுள்ளது. 2008இல் அவர்கள் நாணயங்களின் வடிவமைப்பை மாற்றியபோது, பின்புறத்தில் இருந்த ஆண்டை முகப்புக்கு மாற்றினார்கள். இருபது பென்ஸ் நாணயத்தில் புதிய பின்புற அச்சோடு பழைய முகப்பு அச்சு தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. ஆண்டு எந்தப் பக்கமும் இல்லாத நாணயம் பிறந்தது. 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஒரு டாலர் நாணயத்துக்குப் பத்து சென்ட்டின் முகப்பு அச்சு பொருத்தப்பட்டது. பத்து சென்ட்டின் குறுக்களவு 1.4 மில்லிமீட்டர் குறைவு ஆதலால், அரசியின் தலையைச் சுற்றி இரட்டை விளிம்பு விழுந்தது. கவனியுங்கள், இந்த இரண்டிலும் தவறு நேர்ந்தது இரண்டு அச்சுகள் மாறிப்போனதால். நம் நாட்டில் வரிசை மாறிய 1985, 1987, 2013 போன்ற ஆண்டுகளின் நாணயங்களையும் நாடா மாறிய 1991, 1992 நாணயங்களையும் நான் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் வைத்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை; கிடைப்பதானால் எங்கே கிடைக்கும் என்பதற்கு இது ஓர் அறிவார்ந்த ஊகம்.

தவறே இல்லாமல், குறைந்த எண்ணிக்கையால் மட்டுமே விலை ஏறியதற்கும் பிரிட்டனிலேயே உதாரணம் உண்டு. 2009இல் கியூ தாவரவியல் பூங்காவின் 250ஆம் ஆண்டுக்காக வந்த ஐம்பது பென்ஸ் 210,000 மட்டுமே அச்சானது. இன்று நூறு பவுண்டுக்கு மேல் போகிறது. சிங்கப்பூரில் நினைவு நாணயங்கள் பெரும்பாலும் புழக்கத்துக்கு வராமல் உறைக்குள் விற்கப்படுகின்றன; ஆகவே அவை சில்லறையில் சிக்குவதில்லை. 2023இல் திரு லீ குவான் யூ நூற்றாண்டுக்காக வந்த பத்து வெள்ளி நாணயம் அதன் முகமதிப்புக்கே கிடைத்தது. அது மதிப்புக்குரிய நினைவுப் பொருள், எங்கள் வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பல லட்சக் கணக்கில் அச்சாகி, கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டிலும் புத்தம் புதிதாகப் பாதுகாக்கப்படும் ஒரு நாணயம் நம் காலத்தில் அரிதாகிவிடும் என்று எதிர்பார்த்து யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

பிழை போலத் தோன்றி ஏமாற்றுபவை, உண்மையான பிழைகளைவிடப் பல மடங்கு அதிகம். துணி துவைக்கும், உலர்த்தும் இயந்திரங்களில் மாதக்கணக்கில் சிக்கிச் சுழன்ற நாணயத்தின் ஓரம் தடித்து, எழுத்துகள் உள்ளே தள்ளிப்போயிருக்கும். சாலையில் கிடந்து வாகனங்கள் ஏறிய நாணயம் விசித்திரமான வடிவில் இருக்கும். மூன்றாம் வரிசை ஒரு வெள்ளியின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றிவிட்டு, நடுவட்டமே இல்லாமல் அச்சான நாணயம் என்று விற்பவர்களும் உண்டு. இரட்டை எழுத்திலும் ஒரு கவனம் வேண்டும். அச்சு விலகும் கணத்தில் சற்று அசைந்தால் எழுத்தின் ஓரம் தட்டையாகப் படிக்கட்டு போலச் சப்பிப்போகும், அதற்கு மதிப்பில்லை. அச்சே இரட்டையாக உருவாகியிருந்தால், இரண்டாவது எழுத்தும் முதலாவதைப் போலவே உருண்டு உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அச்சுக்கூடத்துக்குள் எந்தப் படியில் இப்படி ஆகியிருக்க முடியும்? அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் வெளியே பட்ட அடி.

உண்மையிலேயே நல்ல நாணயம் கிடைத்துவிட்டால், தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் இந்த எச்சரிக்கைக்குத் தனித் தேவை இருக்கிறது. குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் புளி போட்டு, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துப் பழகிய கைகளுக்கு, கறுத்துப்போன பழைய காசைக் கண்டால் அதையே செய்யத் தோன்றும். புளியின் அமிலம் நாணயத்தின் மேற்பரப்பை அரிக்கும். சாம்பலும் பற்பசையும் நுண்ணிய கீறல்களை விடும். ஆண்டுகள் பல கடந்து தானாகப் படிந்த நிறம்தான் சேகரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது. அதை ஒருமுறை நீக்கிவிட்டால் திரும்ப வராது, விலை பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அழுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் நனைத்து, துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகள் நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கசிந்து, செம்பின் மீது பசையான பச்சைப் படலத்தை உண்டாக்கும். கடினமான, பிவிசி கலவாத உறையும் ஒரு சிலிக்கா பொட்டலமும் போதும்.

நாணயத்தின் நிலையை உலகெங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் குறிக்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செம்பு நாணயங்களுக்காக அமைத்த முறையிலிருந்து வந்தது அது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கத்துக்கே போகாதவை. நம் சட்டைப்பையில் வருபவை இயல்பாகவே அதற்குக் கீழே. இணையத்தில் பெரிய விலை காட்டப்படும் நாணயங்கள் பெரும்பாலும் 65க்கு மேல் சான்றளிக்கப்பட்டு, கட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்பட்டவை. அதே ஆண்டு, அதே படம் நம்மிடம் இருந்தாலும் அது அதே பொருளன்று. அவ்வாறு சான்று பெறுவதற்குக் கட்டணமும் அனுப்பும் செலவும் உண்டு. ஐம்பது வெள்ளி பெறுமானமுள்ள நாணயத்துக்கு அந்தச் செலவு வீண்.

விலையை அறிய ஒரே நம்பகமான வழி, கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலையைப் பார்ப்பது. ஏல நிறுவனங்கள் தங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. சில இணையச் சந்தைகளில் விற்றுத் தீர்ந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அதோடு, பழைய நாணயத்தை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்கிறோம், முன்பணமாக வரியும் கட்டணமும் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளை உடனே துண்டித்துவிட வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி தன் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்தி இவ்வாறு ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. ஊரிலிருந்து உறவினர்கள் அனுப்பும் செய்திகள் வழியாக அதே வலை நம்மையும் எட்டுகிறது. வைஷ்ணோ தேவி படமுள்ள ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் வந்த ஐந்து ரூபாய் ஆகியவை இச்செய்திகளில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. பெரிய கோயில் நாணயம் எந்தத் தமிழரும் ஆசையோடு வைத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் அதை வாங்க லட்சங்களோடு யாரும் காத்திருக்கவில்லை.

தேடுவதற்கான சில்லறையே இப்போது குறைந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேநவ், நெட்ஸ் என்று உணவங்காடிக் கடைகள்வரை மின்னிலக்கக் கட்டண முறை வந்துவிட்டபின், வாரம் முழுதும் ஒரு நாணயம்கூடக் கையில் படாமல் இருக்க முடிகிறது. ஈரச்சந்தையும், தேக்காவின் பூக்கடைகளும், பேட்டை மளிகைக் கடைகளும், துணி வெளுக்கும் கடை இயந்திரங்களும் இன்னும் சில்லறையில் ஓடுகின்றன. திருமண மொய் உறையில் 50க்கும் 100க்கும் மேல் கூடுதலாக வைக்கும் அந்த ஒற்றை வெள்ளி இன்றும் பெரும்பாலும் நாணயமாகத்தான் வருகிறது. மற்றபடி, உறவினர் வீடுகளில் நிரம்பிக் கிடக்கும் உண்டியல்கள்தாம் மிக வளமான இடம். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எவரும் பிரித்துப் பார்க்காத சில்லறை அதில் இருக்கும். வங்கி இயந்திரத்தில் கொட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஐயத்துக்குரிய நாணயம் ஒன்று கிடைத்தால், இரு பக்கத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எடையையும் குறுக்களவையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே கடைக்காரரிடம் முடித்துவிடாமல் குறைந்தது இருவரிடம் காட்டுங்கள். நாணய வியாபாரிகளின் சிறு கடைகள் கோல்மன் ஸ்திரீட், பிராஸ் பாசா வட்டாரங்களில் உண்டு. அவர்கள் விற்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைத்துத்தான் வாங்குவார்கள். அது அவர்கள் தொழில், அதில் தவறில்லை. எந்தக் கடையில், எந்தத் தேதியில் அது மீதிச் சில்லறையாக வந்தது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். பிழை நாணயங்களுக்குப் போலிகள் பெருகிவரும் நிலையில், அது எங்கிருந்து வந்தது என்ற அந்தக் குறிப்பை வாங்குபவர் நிச்சயமாகக் கேட்பார்.